தாழ்த்திய காருக்கு வீல் அலைன்மென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்களும் தாழ்த்த நினைப்பவர்களும் வீல் அலைன்மென்ட் பற்றி, அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது பற்றி, என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்.

ஸ்பிரிங் மட்டும்தானே மாத்தினேன், சக்கரத்தைத் தொடவே இல்லையே. அலைன்மென்ட் எதுக்கு?

சக்கரம் காரின் உடலில் நேரடியாகப் பொருத்தப்படவில்லை. கீழ்ப்பக்கக் கையான லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் என்று பல கைகள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கைக்கும் நீளம் வேறு, அது உடலோடு சேரும் இடமும் வேறு. உடல் கீழே இறங்கும்போது எல்லாக் கைகளும் சுழலும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் சுழலாது. அந்த வித்தியாசம் சக்கரத்தைச் சாய்க்கும், கொஞ்சம் திருப்பியும் விடும்.

உங்கள் கையை வைத்தே இதைப் பார்க்கலாம். ஒரு கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை மடக்காமல் மெல்ல உயர்த்துங்கள். தோள் மட்டத்துக்கு வரும்வரை விரல்நுனி உடம்பைவிட்டு விலகிக்கொண்டே போகும். தோளைத் தாண்டியதும் திரும்ப உடம்புப் பக்கம் வரத் தொடங்கும். கார் இறங்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனையும் இப்படித்தான் நகர்கிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

கேம்பர், காஸ்டர், டோ... மூணும் குழப்புது. சுருக்கமா சொல்லுங்க.

காருக்கு முன்னால் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். மேலிருந்து பார்த்தால் தெரிவது டோ. இரண்டு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். நாம் பாதங்களை உள்பக்கம் அல்லது வெளிப்பக்கம் திருப்பி நிற்பது மாதிரிதான்.

காஸ்டரைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் மேல்முனை எவ்வளவு பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நேராக ஓடுவதும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதும் பெரும்பாலும் காஸ்டரால்தான்.

முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது. கேம்பர்தானே காரணம்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலான நேரம் நிஜக் குற்றவாளி டோ. பழி மட்டும் கேம்பர் மேல் விழுகிறது, ஏனென்றால் கேம்பர் கண்ணுக்குத் தெரியும், டோ தெரியாது.

என் காரை முதன்முதலில் இறக்கியபோது முன் டயர்கள் வெளியிலிருந்து பார்க்கப் புதிது போல இருந்தன. ஒருநாள் சக்கரத்தைக் கழற்றிக் கழுவும்போது உள்விளிம்பில் விரலை ஓட்டினேன், சுருக்கென்று குத்தியது. ரப்பர் முழுக்கப் போய், உள்ளே இருக்கும் எஃகு இழை ஒன்று ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த டயரில்தான் குடும்பத்தோடு நெடுந்தூரம் போய்வந்திருந்தேன். அளந்து பார்த்தபோது கேம்பர் −1.3°, டோ-அவுட் ஒவ்வொரு பக்கமும் 0.35°. கேம்பரை அப்படியே விட்டுவிட்டு டோவை மட்டும் சரிசெய்து புது டயர் போட்டேன். அந்த ஜோடி கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே சீராகத்தான் தேய்ந்தது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு சக்கரம் வெறும் 0.25° திரும்பியிருந்தால், 1 கி.மீ. ஓடுவதற்குள் அது போக நினைக்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் நடுவே சுமார் 4.4 மீட்டர் வித்தியாசம் வரும். அந்த 4.4 மீட்டரும் டயரைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே கடக்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 44 கி.மீ. ஆகிவிடும். நெகட்டிவ் கேம்பர் இருக்கும்போது எடை உள்விளிம்பில் அதிகமாக இருப்பதால் இந்தத் தேய்ப்பு முழுதும் அங்கேயே விழுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் டயர் வேகமாகத் தேயும். சந்தேகம் இருந்தால் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்பட்டால் அது டோ. ரம்பம் இல்லாமல் உள்பக்கம் சீராகச் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பர்.

30 மி.மீ. இறக்கினா கேம்பர் எவ்வளவு மாறும்?

எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. சஸ்பென்ஷன் வகையைப் பொறுத்தது. ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பின் வழிவந்ததுதான் இன்று பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம். அதில் 30 மி.மீ. இறக்கினால் பெரும்பாலும் அரை டிகிரிக்கு முன்னே பின்னேதான் நெகட்டிவ் கூடும். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஆர்ம்கள் உள்ள டபுள் விஷ்போன் அமைப்பில் மேல் ஆர்ம் குட்டையாக இருந்தால் இன்னும் வேகமாகக் கூடும். 1988 முதல் 2000 வரை வந்த ஹோண்டா சிவிக் கார்களை இறக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் காரை ரொம்பவும் இறக்கினால் முதல் பதிலில் சொன்ன கை தோளைத் தாண்டிய கதை நடக்கும். லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேல்நோக்கிப் போய்விட்டால், வளைவில் கார் சாயும்போது வெளிச்சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே இழுக்கப்படும். நெகட்டிவ் கேம்பர் கூட வேண்டிய நேரத்தில் குறையும். நின்ற நிலையில் எண்கள் நன்றாக இருக்கும், ஓட்டும்போது முன்பக்கம் பிடிப்பில்லாமல் வெளியே தள்ளும். காரைத் தரையில் நிறுத்திக் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். வெளிமுனை உள்முனையைவிட உயரத்தில் இருந்தால், அலைன்மென்ட்டுக்கு முன் உயரத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

காஸ்டரும் மாறிடுமா?

முன்னும் பின்னும் சமமாக இறங்கினால் பெரிதாக மாறாது. முன்பக்கம் மட்டும் அதிகமாக இறங்கினால் காரே முன்னால் குனிகிறது, அந்த அளவுக்குக் காஸ்டர் குறையும். வீல்பேஸ் (முன், பின் சக்கர நடுக்களுக்கு இடையே உள்ள தூரம்) 2500 மி.மீ. உள்ள காரில் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 44 மி.மீ. கூடுதலாக இறங்கினால் ஒரு டிகிரி போய்விடும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, நடுவுக்கு வரச் சோம்பல் படுகிறது என்று சொல்பவர்கள் இதை முதலில் பார்க்கலாம்.

ஸ்பிரிங் போட்ட அன்னிக்கே அலைன்மென்ட் பண்ணிடலாமா?

டோவை மட்டும் அன்றைக்கே ஓரளவு சரிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புது டயர் வீணாகும். முழு அலைன்மென்ட்டை ஒன்றிரண்டு வாரமோ சில நூறு கிலோமீட்டரோ ஓட்டிவிட்டுச் செய்யுங்கள். புது ஸ்பிரிங் தன் இடத்தில் அமர்ந்து இன்னும் சில மி.மீ. இறங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று ரப்பர் புஷ். ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் உள்ள புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அப்படியே பூட்டிக்கொள்ளும். கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய துணி மாதிரி எப்போதும் இழுவையிலேயே இருக்கும். கார் சரியான உயரத்துக்கு வராது, கேம்பரும் தவறாகக் காட்டும், சில மாதத்தில் புஷ் கிழியும். ஸ்பிரிங் மாற்றும்போது தளர்த்திய ஆர்ம் போல்ட்களையெல்லாம் சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஸ்பிரிங் போட்டவரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உயரத்தை எங்கேருந்து எங்கே அளக்கணும்?

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே ஃபெண்டர் வளைவின் விளிம்புவரை. தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றழுத்தமும் குழப்பும். நான்கு மூலைகளையும் அளந்து எழுதி வையுங்கள். இடமும் வலமும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லையா, அல்லது மேலே சொன்ன முறுக்கிய புஷ்ஷா என்று பாருங்கள். உயரம் சரியாகும் முன் செய்யும் அலைன்மென்ட் நிற்காது. தேதியோடு எழுதி வைத்த இந்த நான்கு எண்கள் பிற்பாடு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் உதவும்.

மிஷின்ல எல்லாம் பச்சையா வந்துடுச்சு. அப்போ சரிதானே?

பச்சை என்றால் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த எல்லை பழைய உயரத்தில் உள்ள காருக்காக எழுதப்பட்டது. தாழ்த்திய காரில் கேம்பர் சிவப்பாக இருந்தும் எல்லாம் நன்றாக இருக்கலாம். நான்கு எண்களும் பச்சையில் இருந்தும் கார் ஒரு பக்கம் இழுக்கலாம். இடது கேம்பர் எல்லையின் ஒரு ஓரத்திலும் வலது கேம்பர் மறு ஓரத்திலும் இருந்தால் இரண்டுமே பச்சைதான், ஆனால் நடுவே ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்.

நிறத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு அளவுகளையும் அச்சிட்டுக் கேளுங்கள். முன் அளவு இல்லாமல் பின் அளவு மட்டும் கையில் இருந்தால் எது எவ்வளவு மாறியது என்று தெரியாது. அடுத்த முறை பிரச்சினை வந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

சரி, நான் என்ன எண் கேட்கணும்?

தினசரி ஓட்டும் காருக்கு நான் சொல்வது இது. முன் கேம்பர் −1° முதல் −1.5° வரை இருந்தால் தொடவே வேண்டாம். முன் டோ பூஜ்யம், அல்லது இரண்டு பக்கமும் சேர்த்து 0.1° டோ-இன். பின் கேம்பர் −1° முதல் −2° வரை, பின் டோ இரண்டும் சேர்த்து 0.1° முதல் 0.3° டோ-இன். பின்பக்கம் டோ-அவுட் வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலை வேகத்தில் பாதை மாற்றும்போதும் அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போதும் காரின் பின்பக்கம் அலைபாய்வது மாதிரி இருக்கும். காஸ்டர் தயாரிப்பாளர் சொன்ன அளவிலோ கொஞ்சம் கூடவோ இருக்கட்டும். கேம்பரிலும் காஸ்டரிலும் இடத்துக்கும் வலத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

இவை தொடக்க எண்கள்தான். உங்கள் காருக்கான தயாரிப்பாளர் அளவில் டோ வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்த்திய காருக்கு நான் தயங்காமல் விலகுவது கேம்பரில் மட்டும்.

கேம்பரை அட்ஜஸ்ட் பண்ணவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நிஜமா?

பல கார்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் கேம்பருக்குச் சரிசெய்யும் வழியே இருக்காது. அதனால் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வழிகள் உண்டு. ஸ்ட்ரட்டின் அடியில் இரண்டு போல்ட்களால் நக்கிளோடு (சக்கரம் பொருந்தும் உலோகத் துண்டு) சேரும் காரில், ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் போடலாம். அதன் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு புடைப்பு இருக்கும். சுழற்றினால் நக்கிள் உள்ளேயோ வெளியேயோ தள்ளப்படும். சுமார் ஒன்றரை டிகிரிவரை கிடைக்கும். போல்ட்டின் உடல் ஒல்லியாக இருப்பதால் அதன் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவைக் கட்டாயம் பின்பற்றுங்கள். முறுக்கிய பிறகு தலைக்கும் உலோகத்துக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பள்ளத்தில் விழுந்து நகர்ந்திருந்தால் கோடு உடைந்து தெரியும்.

ஃபோக்ஸ்வாகன் குழுவின் பல கார்களில் ஸ்ட்ரட் குழாயை நக்கிள் ஒரு கவ்வி மாதிரி பிடித்திருக்கும், அங்கே இந்த போல்ட் பயன்படாது. லோயர் ஆர்ம்கள் பொருந்தியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமைப் பக்கவாட்டில் நகர்த்தி இடம் வலத்தைச் சமன் செய்யலாம், இரண்டு பக்கமும் சேர்ந்து குறைக்க முடியாது. ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட்டை மேலே போடுவது பெரும்பாலான ஸ்ட்ரட் கார்களுக்குப் பொருந்தும் வழி, ஆனால் ரப்பருக்குப் பதில் இரும்பு பேரிங் வரும் வகைகளில் சத்தமும் அதிர்வும் கூடும். எதைச் செய்தாலும் கேம்பர் மாறினால் டோவும் மாறும். அதனால் வரிசை இதுதான்: பின்பக்கம் முதலில், அப்புறம் முன்பக்கம். பின்பக்கத்தில் கேம்பர், பிறகு டோ. முன்பக்கத்தில் காஸ்டர், கேம்பர், கடைசியாக டோ.

பின் சக்கரத்துக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்தானே?

எந்தப் பின்பக்கம் என்பதைப் பொறுத்தது. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைக்கும் ட்விஸ்ட் பீம் அமைப்பில், தாழ்த்துவதால் கேம்பரும் டோவும் அநேகமாக மாறாது. அளவு தவறாக இருந்தால் பீம் எங்கோ அடிபட்டிருக்கலாம். சரிசெய்ய, சக்கரம் சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவே சாய்வான ஷிம் தகடு வைப்பார்கள்.

பல ஆர்ம்கள் உள்ள மல்டி-லிங்க் காரில் கட்டாயம் அளக்க வேண்டும். சரிசெய்யும் போல்ட் பெரும்பாலும் டோவுக்கு இருக்கும், கேம்பருக்கு இல்லாமலும் போகலாம். அப்போது நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் வாங்க வேண்டியிருக்கும். 1980களின் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மாதிரி செமி-டிரெய்லிங் ஆர்ம் உள்ள கார்களில் இறக்க இறக்க பின் சக்கரம் நன்றாகவே உள்ளே சாயும். பின்னால் முழு ஆக்சிலும் அதைக் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் உள்ள வண்டியில் கோணம் மாறாது, ஆனால் ராட் சுழல்வதால் ஆக்சிலே ஒரு பக்கம் தள்ளிப்போகும். ஒரு பக்க டயர் மட்டும் ஃபெண்டரில் உரசினால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட்தான் மருந்து.

அச்சிட்ட தாள்ல ஒரு இடத்துல 0.30, இன்னொரு இடத்துல 0°18' இருக்கு. எது சரி?

இரண்டும் ஒன்றேதான். ஒரு டிகிரி 60 நிமிடம், ஆகவே 0.30 டிகிரி 18 நிமிடம். 0°30' என்பது அரை டிகிரி. புள்ளி வைத்த எண்ணையும் நிமிடத்தையும் மாற்றிப் படித்து, கேட்டதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு டோ வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் எண் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மி.மீ.யில் சொன்னால் எந்த விட்டத்தில் அளந்தது என்றும் கேட்க வேண்டும். 430 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. என்பது சுமார் 0.13°, அதாவது 8 நிமிடம். அதே 1 மி.மீ. 600 மி.மீ. டயர் விட்டத்தில் 0.1°க்கும் குறைவு. அப்புறம், ஒரு சக்கரத்துக்கா இரண்டும் சேர்த்தா என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுலயே நூல் கட்டி அளக்கலாம்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சமதளத்தில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டுங்கள். காரின் இரண்டு பக்கமும் சக்கர நடுவின் உயரத்தில் ஒரு நூல் கட்டுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும், பின் சக்கரத்திலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, பல கார்களில் சக்கர அகலம் முன்னும் பின்னும் வேறு. இப்போது ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவுகோல் வையுங்கள். முன்விளிம்பு நூலைவிட்டு அதிகம் தள்ளியிருந்தால் டோ-இன். வித்தியாசத்தை மேலே சொன்ன கணக்கில் டிகிரியாக மாற்றிக்கொள்ளலாம். கேம்பருக்கு ஒரு தூக்குக்குண்டு போதும். 400 மி.மீ. உயரத்துக்கு 7 மி.மீ. சாய்வு என்றால் ஒரு டிகிரி.

திருத்தும்போது டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் உறையின் கிளிப்பையும் விடுவியுங்கள். விடாவிட்டால் உறை முறுகிக் கிழியும். பல கார்களில் ஒரு முழுச் சுற்றுக்கு ராட் 1.5 மி.மீ. நகரும், சக்கரம் சுமார் 0.6° திரும்பும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் தள்ளிவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும். நின்ற இடத்தில் டயர் தரையைக் கவ்விக்கொண்டு பழைய கோணத்திலேயே நிற்கும்.

அலைன்மென்ட் முடிச்சும் கார் ஒரு பக்கமா இழுக்குதே?

முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர் என்றால் ரிம்மோடு அப்படியே மாற்றக் கூடாது. இழுப்பு எதிர்ப்பக்கம் போய்விட்டால் பிரச்சினை டயரில். எதுவும் மாறாவிட்டால் தாளை எடுங்கள். நெகட்டிவ் கேம்பர் குறைவாக உள்ள பக்கத்துக்கு இழுக்கும், காஸ்டர் குறைவாக உள்ள பக்கத்துக்கும் இழுக்கும். சாலையே ஓரமாகச் சரிந்திருக்கும் இடத்தில் சோதிக்காதீர்கள். முன் டோவால் இழுப்பு வராது.

நேரா போகுது, ஆனா ஸ்டீயரிங் கோணலா இருக்கு.

இது வேறு விஷயம். டோவின் மொத்த அளவு சரி, ஆனால் இடது டை ராடும் வலது டை ராடும் சமமாகத் திருப்பப்படவில்லை. ஒரு பக்கம் எவ்வளவு குறைக்கிறோமோ மறுபக்கம் அவ்வளவு கூட்டினால் ஸ்டீயரிங் நேராகும். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அது சரியாக இருந்தும் கோணல் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் பார்த்தால் கார் லேசாகக் குறுக்காகவே ஓடும். அதை நேராக்க நீங்கள் ஸ்டீயரிங்கை எப்போதும் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள். பின்பக்கம் முதலில் என்று சொன்னது இதற்காகத்தான்.

எண் எல்லாம் சரியா இருந்தும், மேடு பள்ளத்துல ஸ்டீயரிங் தானா அசையுது. ஏன்?

இதற்கு பம்ப் ஸ்டீர் என்று பெயர். நின்ற நிலையில் டோ சரியாக இருந்தாலும், சக்கரம் மேலும் கீழும் போகும்போது டோ மாறுகிறது. டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே சாய்வில், ஒத்துப்போகும் வட்டங்களில் சுழலும்படி பழைய உயரத்துக்கு வடிவமைத்திருப்பார்கள். காரை இறக்கினால் அந்த ஒத்திசைவு கெடும். மிஷினில் நின்ற நிலை மட்டும் தெரிவதால் தாளில் இது வராது. மேலே சொன்ன நூலை வைத்தே கண்டுபிடிக்கலாம். முதலில் டோவை அளந்து, அப்புறம் முன்பக்கத்தில் எடை ஏற்றி 20 மி.மீ. அமுக்கி மறுபடி அளங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அலைன்மென்ட் இதைத் தீர்க்காது.

தீர்வு, ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டை நீளமான தண்டுள்ளதாகப் போட்டு லோயர் ஆர்மின் வெளிமுனையைக் கீழே இறக்குவது. அதற்கு ஏற்ப டை ராட் எண்டையும் இறக்க வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் நிலைமை மோசமாகும். இல்லாவிட்டால் காரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். 15 மி.மீ. உயர்த்தியதும் முழுக்க அமைதியான கார்களை ஓட்டியிருக்கிறேன். தோற்றத்தில் அந்த 15 மி.மீ. தெரியவே இல்லை.

காயில்ஓவர்ல அப்பப்போ உயரத்தை மாத்துவேன். ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் வேணுமா?

காயில்ஓவர் என்பது திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுதி. அதில் 10 மி.மீ. மாற்றினாலே டோவை அளந்து பாருங்கள். அதற்குத்தான் நூல் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். காற்றுப் பைகளால் உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் என்றால், காரை எந்த உயரத்தில் ஓட்டுகிறீர்களோ அந்த உயரத்தில் நிறுத்தி அலைன்மென்ட் செய்யுங்கள். நிறுத்திவைக்க முழுக்க இறக்கும்போது சக்கரம் எப்படிச் சாய்ந்தாலும் பரவாயில்லை.

தோற்றத்துக்காக −6° கேம்பர் வைக்கப் போறேன். டயரைக் காப்பாத்த வழி உண்டா?

டோவைத் துல்லியமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். ஆனால் தரையைத் தொடும் பரப்பு உள்விளிம்புக்குச் சுருங்கிவிடும், அதை எந்த அமைப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நனைந்த சாலையில் பிரேக் தூரம் கூடும். இவ்வளவு சாய்வு வைத்தால் வாரம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி உள்விளிம்பைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பின் டயருக்குப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். காட்சிக்கு −6°, தினசரி ஓட்ட −2° என்று இரண்டு அமைப்புகளைக் கேம்பர் பிளேட்டில் குறித்து வைத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் டோவையும் மாற்ற வேண்டும்.

கார் அலைன்மென்ட் மேடையில ஏறவே மாட்டேங்குது, பம்பர் இடிக்குது.

முன்கூட்டியே போன் செய்து உயரத்தைச் சொல்லிவிடுங்கள். நீளமான இரண்டு மரப்பலகைகளைச் சரிவுக்கு முன்னால் வைத்தால் பெரும்பாலான கார்கள் ஏறிவிடும். போகும்போது டயர் காற்றைச் சரியான அளவில் வைத்து, டிக்கியில் வழக்கமாக இல்லாத சுமையை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிஞ்சுது. வேற எதையாவது பார்க்கணுமா?

ஹெட்லைட். முன்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் பக்கத்திலேயே விழும், பின்பக்கம் இறங்கியிருந்தால் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள காரில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யத்துக்கு மீட்டமைக்க வேண்டியிருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காரில் உயரமும் திசையும் மாறியதால் கேமராவையும் மறுபடி அளவிடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு, உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

1,000 கி.மீ. ஓடியதும் நான்கு டயர்களிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் ஆழத்தை அளந்து, உயரம் எழுதிய அதே தாளில் குறித்து வையுங்கள். 5,000 கி.மீ.யில் மறுபடி அளங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், கம்பி வெளியே வருவதற்கு ரொம்ப முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.